ஒன்பதாவது போல்ட்

எங்கள் மைனி ஒரு பொருளைக் கழற்ற உட்கார்ந்துவிட்டாள் என்றால் அன்றைக்கு வீட்டில் யாரும் குறுக்கே போகக் கூடாது. மிக்ஸியோ, குக்கர் கைப்பிடியோ, தையல் மிஷினோ, எதுவானாலும் சரி. தரையில் பழைய வேட்டி ஒன்றை விரிப்பாள். கழற்றியதை எல்லாம் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்குவாள். மாட்டும்போது வலமிருந்து இடம். கடைசியில் வேட்டி காலியாக இருக்க வேண்டும். ஒரே ஒரு வாஷர் மிச்சம் கிடந்தாலும் போச்சு, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கழற்றுவாள். "அதான் ஓடுதுல்லா மைனி, விடுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் சண்டைதான்.

"ஓடும்ட்டி, யாரு இல்லைன்னா? செஞ்சவன் என்ன கிறுக்கனா? தேவையில்லாமலா ஒரு ஓட்டையப் போட்டு வச்சிருப்பான்?"

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. பிறந்த வீடு செங்கோட்டை. அவள் அப்பாவுக்கு அங்கே சைக்கிள் கடை. அரிசி பொறுக்குவதற்கு முன்னால் சைக்கிள் வீலுக்குள் போடுகிற குண்டுகளைப் பொறுக்கக் கற்றுக்கொண்டவள் என்று நாங்கள் கேலி செய்வோம். தென்காசியில் அண்ணன் வீடும் என் வீடும் ஒரே காம்பவுண்டு. நானோ செங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் ஊரில் எனக்கு வேலை, என் ஊரில் அவளுக்குக் குடித்தனம். இரண்டு பேருக்கும் வாய் நீளம். ஒரு வாரம் பேசிக்கொள்வோம், ஒரு வாரம் பேசமாட்டோம்.

என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். முந்தின நாள் கிரைண்டரில் ஏதோ கிரீச் என்று சத்தம் வருகிறதாம், மைனி அதைப் பிரித்துப் போட்டுவிட்டாள். மாட்டி முடித்தால் கம்பி ஊசி மாதிரி ஒரு பின் மிச்சம். நான் கெஞ்சினேன், கத்தினேன். ஊறின அரிசியும் உளுந்தும் அண்டாவில் கிடந்து நுரைத்ததுதான் மிச்சம். மறுநாள் காலையில் என் மாமியார் வீட்டுச் சனம் அறுபது பேருக்கும் ஓட்டலில் இட்லி வாங்கினோம். ஒரு மாதம் நான் மைனி முகத்திலேயே முழிக்கவில்லை. அவளோ மூன்றாம் நாள் பின்வாசல் வழியாக ஓடி வருகிறாள். "ஏட்டி, அந்தப் பின்னு எங்கன உள்ளதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்!" என் கோபமே அந்தப் பின்னைப் பற்றித்தான் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. இப்படிப்பட்ட பெண்பிள்ளையிடம் எப்படிக் கோபப்படுவது?

அண்ணன் நேர்மாறு. இருபது வருடம் கல்ஃபில் அடுத்தவன் காரை ஓட்டியவன். ஓட்டத்தான் தெரியும், பானெட்டைத் திறந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மூடிவிடுவான். ஊருக்குத் திரும்பி வந்ததும், வீட்டுக்கு மாடி எடுப்பான் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தால், கொச்சியில் போய் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து நிறுத்தினான். சிவப்பு நிறம். இரண்டே சீட்டு. கூரையை மடக்கிப் பின்னால் போடலாம். தரையோடு தரையாகக் கிடக்கும். உள்ளே உட்கார்ந்தால் தெருநாயை நிமிர்ந்து பார்க்க வேண்டும். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருந்தபோது அதில் போனார்களாம். போட்டோ எடுக்க வந்த கூட்டம் பூவை விட்டுவிட்டு வண்டியோடு நின்று எடுத்ததாம்.

"மூணாவதா ஒரு ஆளு ஏற முடியாத வண்டி எதுக்குண்ணே?" என்று கேட்டேன். எனக்கு அதில் ஏற ஆசை, அதுதான் விஷயம்.

"நாங்க ரெண்டு பேருதானட்டி" என்றான் அண்ணன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான்தான் பேச்சை மாற்றினேன்.

அந்த வண்டியை ஒருமுறை ஓர் ஊரில் ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்தார்கள். எந்த ஊர் என்பது வேண்டாம். அடுத்த வாரம் இரண்டு பேரும் ஆரியங்காவு போய்விட்டுத் திரும்பும்போது, புளியறை இறக்கத்தில், வண்டிக்கு அடியில் வயிற்றை மூடியிருக்கிற பெரிய தகடு பின்பக்கமாகக் கழன்று ரோட்டில் விழுந்து இழுபட்டிருக்கிறது. ஒரு நொடிதான். தகடு எதிலோ மாட்ட, வண்டி குறுக்கே திரும்பிவிட்டது. கீழிருந்து ஏறி வந்த லாரியின் டயர் மைனி உட்கார்ந்திருந்த பக்கம் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. லாரிக்காரன் இறங்கி வந்து திட்டவில்லையாம். தண்ணீர் பாட்டிலை நீட்டினானாம். அப்படி இருந்திருக்கிறது இவர்கள் முகம்.

தகட்டின் பின்மூலை கிழிந்து ரோட்டிலேயே எங்கோ போய்விட்டது. சைலன்சர் குழாய் நெளிந்து, அதன் கொக்கிகள் பிய்ந்து, வண்டியைச் செயின் போட்டு இழுத்து வந்தார்கள். மைனி அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டாள். "எவனோ ஒரு போல்ட்ட மாட்டாம விட்டிருக்கான். இனிமே இந்த வண்டியில என்னத் தவிர எவன் கையும் படக் கூடாது." நாலு மரக்கட்டையில் வண்டியைத் தூக்கி நிறுத்தினாள். வேட்டியை விரித்தாள். ஒரு வேட்டி போதவில்லை, மூன்று விரித்தாள்.

அந்தப் பங்குனியில்தான் அண்ணன் கண் மஞ்சளானது. காமாலை என்று பச்சிலை கொடுத்துப் பார்த்தோம். திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்த டாக்டர் என்னையும் மைனியையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் கட்டி, முற்றிவிட்டது, நாலு மாதம், மிஞ்சினால் ஐந்து என்றார். நான் கணக்கு டீச்சர் இல்லையா, அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே விரலை மடக்கினேன். ஆடி. மைனி வெளியே வந்து அண்ணனின் செருப்பை அவன் காலடியில் எடுத்துப் போட்டாள்.

அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னான்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்ட்டி. சீசன் தொடங்கட்டும். கூரையத் தொறந்து போட்டுட்டு ஐந்தருவி வரைக்கும் ஒரு நாளு போயிட்டு வரணும். உங்க மைனி ஓட்டட்டும், நான் பக்கத்துல உக்காந்துக்கிடுதேன். சாரலு மூஞ்சியில அடிக்கணும். அவ்ளோதான்."

"எங்க வீட்டுக்காரவக காரு சும்மாதான் நிக்கி. நாளைக்கே போவோம்ணே."

"கூரை போட்ட வண்டியில சாரல் எங்கிட்டு அடிக்கும்? அருவியப் பாக்கவா போறேன், கிறுக்கி."

மைனி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "சாரல் விழுததுக்குள்ள நான் மாட்டித் தாரேன்" என்றாள். தென்காசியிலிருந்து ஐந்தருவி பத்து கிலோமீட்டர் இருக்காது. நடந்தே போகிற சனம் உண்டு.

வேறு தகடு புனலூரில் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். பழைய வண்டிகளை உடைத்து விற்கிற ஒரு ஆள். மைனி அண்ணனை விட்டு நகர முடியாது. நான் ரயிலேறிப் போனேன். அந்த ஆள் ஒரு தகட்டை இழுத்து வந்து போட்டார். "இது பொருந்தும் சேச்சி, நம்பிக் கொண்டுபோங்க." கோணிச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தேன். தென்மலையில் ஏறின ஒரு அம்மா, கோவிலுக்குக் கதவா என்று கேட்டு அதைத் தொட்டுக் கும்பிடப் போனாள். அண்ணனிடம் இதைச் சொன்னேன். அன்றைக்குப் பூராவும் நினைத்து நினைத்துச் சிரித்தான்.

மைனி முதல் வேலையாக ஓட்டைகளை எண்ணினாள். ஒன்பது. பழைய தகட்டில் மிஞ்சியிருந்தது எட்டு. ஒன்பதாவது, கிழிந்து தொலைந்துபோன அந்தப் பின்மூலையில் வருகிறது.

"பாத்தியா?" என்றாள். "இதுதாண்ட்டி அவன் விட்ட போல்ட்டு. இந்த மூலைதான் அன்னைக்குத் தொங்குச்சு." எனக்கும் அது சரியான கணக்காகத்தான் பட்டது.

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காருக்கு அடியில்தான் கிடந்தோம். பள்ளிக்கூடம் லீவு. நைட்டிக்கு மேல் அண்ணனின் பழைய சட்டை, தலையில் துண்டு. துருப்பிடித்து உள்ளேயே முறிந்து நின்ற போல்ட்டுகளை மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தட்டித் தட்டி எடுத்தாள். சைலன்சர் குழாய் நாலு ரப்பர் வளையத்தில் தொங்குகிறது. அந்த வளையத்தைக் கொக்கியில் ஏற்றுவது சாதாரணமாக இல்லை. ஏறும், ஏறினது போலத் தெரியும், அடுத்ததை ஏற்றும்போது முதலாவது வழுக்கி வந்துவிடும். சோப்புத் தண்ணீர் தடவி, உன்னிப் பிடித்து, ஒரு வளையத்துக்கு ஒரு நாள் ஆனது. ஒருமுறை குழாய் என் மூக்கில் விழுந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அண்ணன் எங்கள் கால்களைப் பார்த்துப் பேசுவான். காருக்கு வெளியே தெரிவது அது மட்டும்தானே.

"ஏட்டி டீச்சரு, காலு ஆடலையே, உசுரோட இருக்கியா?"

"ஆயுசு கெட்டிதாண்ணே. உம் பொண்டாட்டிதான் கொல்லப் பாக்கா."

மைனிக்கு ஒரு சட்டம் உண்டு. எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் இரண்டு சுற்று மரை கடிக்க வைக்க வேண்டும். எல்லாம் கடித்த பிறகுதான் ஸ்பேனர். ஒன்றை முன்கூட்டியே இறுக்கினால் தகடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், அடுத்தது பொருந்தாது. நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. நான் தகட்டைத் தலையாலும் முழங்காலாலும் தாங்கிக்கொள்ள, அவள் ஒவ்வொன்றாகக் கடிக்கவைப்பாள். கண்ணில் மண் கொட்டும். வைகாசி கடைசியில் எட்டும் கடித்துவிட்டது. ஒன்பதாவது மட்டும் கடிக்கவில்லை. போல்ட் உள்ளே போகிறது, திருகினால் சும்மா சுற்றுகிறது.

ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்ளே கறுப்பாக இருந்தது. வண்டி அடியில் துருவுக்குப் பூசுகிற தார்ப்பூச்சு. அதற்கு அடியில்தான் நட்டு மூடிக்கிடக்கிறது என்றாள். ஸ்பூனால் சுரண்டினாள். பவுடர் டப்பாக் கண்ணாடியை உள்ளே விட்டு, டார்ச் அடித்துத் தேடினாள். தகட்டை இறக்குவாள், சுரண்டுவாள், திரும்ப ஏற்றி எட்டையும் கடிக்கவைப்பாள், ஒன்பதாவது சுற்றும். மறுபடி இறக்குவாள். இப்படியே ஆனி வந்துவிட்டது. மலையில் மேகம் இறங்கி, குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துவிட்டது. எங்கள் மொட்டைமாடியில் துணி காயாமல் தொங்கியது. அண்ணனுக்குப் பழைய சட்டைகள் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன.

ஊரில் இருந்த மெக்கானிக்குகளைக் கூட்டிவந்து காட்டினோம். யாரும் இந்த மாதிரி வண்டியைப் பார்த்ததில்லை. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: எட்டே தாராளம், முடுக்கிவிட்டு ஓட்டுங்க. மைனி அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வராமல் இருந்தால் நன்றாக இருக்கும். ஆனி முதல் வாரம் புனலூர்க்காரர் போன் செய்தார். இதே மாதிரி வண்டி ஒன்று உடைக்க வந்திருக்கிறதாம். போட்டோ அனுப்பச் சொன்னோம். அனுப்பினார், ஒரே இருட்டும் துருவும் அவர் கட்டைவிரலும்தான் இருந்தது. மைனி என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, நீ ஒரு எட்டு போயிட்டு வா. அந்த வண்டிக்கு அடியில, இதே மூலையில, நட்டு எங்கன இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வந்திரு. பெறகு நான் பிடிச்சிருவேன்."

நான் போகவில்லை. பள்ளிக்கூடம் திறந்த நேரம், அட்மிஷன், லீவு கேட்டால் ஹெட்மிஸ்ட்ரஸ் முகம் சுளிப்பார். முதல் ஞாயிறு விருந்தாளி. அடுத்த ஞாயிறு மழை, எனக்குச் சோம்பல். அதற்கு அடுத்த ஞாயிறு என்ன காரணம் என்று இப்போது ஞாபகம்கூட இல்லை. உள்ளுக்குள் எனக்கு எரிச்சல். எட்டு போதும் என்று ஊரே சொல்கிறது, இவள் பிடிவாதத்துக்கு நான் எதற்கு ரயிலேற வேண்டும் என்று. மைனி ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஆடி நடுவில் ஒரு ஞாயிறு. இளவெயிலும் பூஞ்சாரலும் சேர்ந்து அடித்தது. அண்ணன் தானே எழுந்து முகம் மழித்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்து உட்கார்ந்தான். "இன்னைக்குப் போவோம். எட்டு போதும். மெதுவாப் போவோம்" என்றான்.

மைனி அவனைப் பார்த்தாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனாள். முதல் போல்ட் இறுகுகிற சத்தம் கேட்டது. இரண்டாவது. மூன்றாவது. நான் உள்ளே ஓடி அண்ணனுக்கு மப்ளரும் வெந்நீரும் எடுத்துவந்தேன். வந்து பார்த்தால் சத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இறுக்கிய மூன்றையும் அவள் திரும்பத் தளர்த்துகிற சத்தம் கேட்டது.

வெளியே வந்தாள். முகமெல்லாம் மண். "எனக்குக் கை வரலங்க. அந்த லாரி டயரு கண்ணுக்குள்ளயே நிக்கி. உங்கள பக்கத்துல வச்சுக்கிட்டு நான் எப்படிங்க ஓட்டுவேன்? நாளைக்கு. அந்த ஒண்ணையும் நாளைக்குப் பிடிச்சிருவேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை. "சாகப்போற மனுசன லாரி அடிச்சா என்ன, அடிக்காட்டா என்ன மைனி!" என்று கத்திவிட்டேன். அதுவரை அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவன் முன்னால் நான் சொன்னேன்.

அண்ணன்தான் முதலில் சிரித்தான். "அதானே" என்றான். பிறகு மைனியைப் பார்த்து, "சரிட்டி, நாளைக்குப் போவோம். அழாத" என்றான். சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாக அவனே கழற்றினான். நான் உதவப் போனபோது கையை விலக்கிவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் ரத்த வாந்தி. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். ஆறாம் நாள் ஆம்புலன்சில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சாரல் நிற்கவே இல்லை. துட்டி விசாரிக்க வந்தவர்கள் நனையாமல் இருக்கக் கார் ஷெட்டில் ஒதுங்கினார்கள். மரக்கட்டை மேல் நின்ற சிவப்புக் காரின் பானெட்டில் காபி டம்ளர்களை வைத்தார்கள். 

பதினாறு முடிந்த மறுநாள் மைனி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "ஏட்டி, அந்தப் புனலூர்க்காரன் வண்டி இன்னும் கெடக்கான்னு போயிப் பாக்குதியா?" நான் அன்றைக்கே லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்கும் லீவு.

வண்டி கிடந்தது. பக்கவாட்டில் சாய்த்துப் போட்டிருந்தார்கள். கீழ்ப்பக்கம் முழுக்கப் பளிச்சென்று தெரிந்தது. நான் அந்தப் பின்மூலையைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. வழவழவென்று தகரம். நட்டு இல்லை, ஓட்டை இல்லை, எதுவும் இருந்து போன அடையாளமும் இல்லை. மொத்தமும் எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டுதான்.

"சேச்சி, நீங்க கொண்டுபோனது பெரிய எஞ்சின் வண்டியோட தகடு" என்றார் அந்த ஆள். "அதுல ஒரு ஓட்டை கூடுதலா உண்டு. அத சும்மா விட்டாப் போதும்."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே சேச்சி."

பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய்ச் சோடா வாங்கி வந்தார். இல்லாத நட்டை இரண்டு மாதம் சுரண்டியிருக்கிறாள். நான் ஆனியில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறியிருந்தால், அடுத்த நாளே எட்டையும் இறுக்கியிருப்பாள். ஒரு நாள் இல்லை, தினமும் போயிருக்கலாம் அவர்கள். அவன் எத்தனை சட்டை மாற்றியிருப்பான்.

திரும்பும்போது ரயிலில் எனக்கு ஒரே யோசனை. என்ன சொல்வது? நட்டு இருக்கிறது என்றால், தன் கையால் ஆகாமல் போனது என்று அவள் மறுகுவாள். இல்லவே இல்லை என்று சொன்னால் செத்தே போவாள். ஆரியங்காவு தாண்டியும் எனக்கு விடை வரவில்லை. வீட்டு வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"இருக்கா?"

"இருக்கு மைனி. ரொம்ப உள்ள தள்ளி இருக்கு. இஞ்சின இறக்கினாத்தான் எட்டுமாம். வீட்ல வச்சு எந்தக் கொம்பனாலயும் முடியாதுங்கான்."

"நான் சொன்னேன்லா!" என்றாள். அவன் போன பிறகு அந்த முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் பார்த்தேன். "இருக்கும்னு எனக்குத் தெரியும்ட்டி. உங்க அண்ணன்கூட கடைசியில நம்பல." பிறகு மெல்ல, தனக்குத் தானே சொல்வதுபோல, "வீட்ல வச்சு முடியாதுன்னா நான் என்ன செய்ய முடியும், சொல்லு" என்றாள். நான் தலையை ஆட்டினேன். நீ ஆனியிலேயே போயிருந்தால் இது தெரிந்திருக்குமே என்று ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைக் கொட்டியிருப்பேன். மைனியும் போய் இப்போது இரண்டு வருடம் ஆகிறது. இன்றுவரை நான் இதை யாரிடமும் சொன்னதில்லை.

"அப்போ ஒர்க்‌ஷாப்புல கொண்டுபோயி அந்த நட்ட மட்டும் வெளிய தெரியிற மாதிரி செஞ்சு கொண்டா. மாட்டுதத நான்தான் மாட்டுவேன்" என்றாள். பொய் சொன்னவள் பின்வாங்க முடியுமா? தகட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, வண்டியைச் செங்கோட்டைக்கு ஏற்றி அனுப்பினேன். என்னிடம் படித்த பிள்ளையின் அப்பா ஒருவர் அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். தகட்டில் ஒன்பதாவது ஓட்டை வருகிற இடத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போய், வண்டி அடியில் அதே இடத்தில் ஒரு நட்டு வைக்கச் சொன்னேன்.

"இங்கன ஒண்ணுமே வர வேண்டியது இல்லையே டீச்சர். எதுக்கு?"

"வரணும். வைங்க."

புது நட்டாக இருந்தால் மைனி கண்டுபிடித்துவிடுவாள். அவருடைய டப்பாவைக் கவிழ்த்துத் துருப்பிடித்த பழைய நட்டு ஒன்றை நானே பொறுக்கிக் கொடுத்தேன். பற்றவைத்த தழும்பு தெரியாமல் மேலே தார் பூசச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஆவணி கடைசி. சாரல் நின்று, குற்றாலத்தில் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். மைனி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் போனாள். நானும் போனேன். தகட்டைத் தலையாலும் முழங்காலாலும் தாங்கிக்கொண்டேன். அவள் ஒவ்வொன்றாகக் கடிக்கவைத்தாள். எட்டு. பிறகு ஒன்பதாவதை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, விரல் நுனியால் திருகினாள். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. நின்றது.

"கடிச்சிட்டு" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்து மூலைக்கு மூலை மாற்றி மாற்றி ஒன்பதையும் இறுக்கினாள். ஒன்றிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. என் தலையை எடுத்தேன். தகடு தானே நின்றது.

மைனி படுத்தபடியே வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ஏங்க! ஒன்பதும் கடிச்சிட்டு. வாங்க, கெளம்புவோம்!"

நல்ல சத்தமாக, பழைய குரலில்தான் கூப்பிட்டாள். காருக்கு அடியிலிருந்து பார்த்தால் வருகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் வாசற்படியையே பார்த்துக்கொண்டு கிடந்தோம்.